முழங்கால் வரை தொங்கிய திரை

மட்டாஞ்சேரியில் முப்பது நோன்பையும் ஒன்று விடாமல் பிடித்த ஒரே தமிழ் இந்து நான்தான்.

பொய். ஒரு நோன்புகூடப் பிடித்ததில்லை. முப்பது நாளும் தவறாமல் நோன்பு திறந்திருக்கிறேன், அவ்வளவுதான். சாயங்காலம் பள்ளிவாசல் முற்றத்தில் கஞ்சி ஊற்றும்போது எனக்கு முன்னால் போய் நின்றவன் எவனும் கிடையாது. பகல் முழுக்கப் பரிப்புவடை தின்ற வாயைத் துடைத்துக்கொண்டு, உலகத்துக் களைப்பையெல்லாம் முகத்தில் வரவழைத்துக்கொண்டு கிண்ணத்தை நீட்டுவேன். ஊற்றுகிறவர் என்னை ஏற இறங்கப் பார்ப்பார்.

"பாவம், நினக்கு இன்னைக்கு க்ஷீணம் கொஞ்சம் கூடுதலாக்கும்."

சொல்லிக்கொண்டே ஒரு கரண்டி கூடப் போடுவார். கிண்டல்தான். ஆனால் கஞ்சி கிண்டலைவிடக் கெட்டியாக இருந்ததால் நான் கோபப்பட்டதில்லை.

என் அப்பா பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து அரிசி லாரியின் மேல் உட்கார்ந்து இந்த ஊருக்கு வந்தவர். இங்கே அரிசியை இறக்கினார்கள், அவரையும் இறக்கினார்கள். அரிசி விற்றுப் போனது. அவர் மட்டும் தங்கிவிட்டார். நான் இங்கேயே பிறந்தேன். பள்ளிக்கூடம் என்னைப் பார்த்தது, நானும் அதைப் பார்த்தேன், இரண்டு பேருக்கும் பிடிக்கவில்லை. தமிழ் எழுத்தை நான் படித்தது அரிசிச் சாக்குகளின் மேல். அதனால் பொன்னி, புழுங்கல், முதல் தரம் என்கிற சொற்களைப் பிழையில்லாமல் எழுதுவேன். மற்றதில் பிழை இருந்தால் அரிசிக் கடைக்காரர்களைத்தான் கேட்க வேண்டும்.

நல்லது கெட்டதையும் எனக்குப் புத்தகம் சொல்லித் தரவில்லை. தெரு சொல்லித் தந்தது. அதிலும் ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு நியாயம். சேட்டுமார் தெருவில் கொசுவை அடித்தால் பாவம், ஊதித்தான் விரட்ட வேண்டும். அந்தப் பக்கம் திரும்பினால் கொங்கணிமார் கோயில். அங்கே குளத்துப் படியில் துப்பினால் பாவம். அதைத் தாண்டினால் கிறிஸ்தவர்கள் இருக்கிற சந்து. பெரிய வெள்ளியன்று விசில் அடித்தால் பாவம். நோன்பு மாசத்தில் பஜாரில் நின்றுகொண்டு எதையாவது மென்றால் பாவம். வீட்டிலிருந்து கிளம்பிப் படகுத்துறைக்குப் போய்ச் சேர்வதற்குள் நான் நாலு சாமிக்கும் நல்லவனாக இருந்தாக வேண்டும். எங்கள் வீட்டு மாரியம்மன் தங்கமானவள். ஆடி மாசம் மட்டும் நல்லவனாக இருந்தால் போதும் என்று விட்டுவிட்டாள்.

ஆனால் ஒன்று. இது பாவம், அது புண்ணியம் என்று அந்தந்தச் சாமி சொன்னது பாதிதான். மீதிப் பாதியை, அந்தச் சாமிகளுக்கு நடுவில் மூட்டை சுமந்துகொண்டு போய்வந்த ஜனங்களே உண்டாக்கிக்கொண்டார்கள். எந்த வேதத்திலும் இல்லாத சட்டம் அது. அதில் ஒன்றுதான் சாயக்கடைத் திரை.

நோன்பு மாசம் பிறந்ததும் எங்கள் பஜார் சாயக்கடைகளின் வாசலில் ஒரு திரை தொங்கும். நோன்பு இல்லாதவர்கள் உள்ளே போய்க் குடிக்கலாம், தின்னலாம்; வெளியே போகிற நோன்பாளியின் கண்ணில் படக் கூடாது. நான் போகிற கடையில் கடைக்காரர் தன் பழைய கைலிகள் இரண்டைச் சேர்த்துத் தைத்துத் தொங்கவிட்டிருந்தார். அது முழங்காலோடு நின்றுவிடும். அதனால் வெளியே நின்று பார்த்தால் உள்ளே பெஞ்சில் இருக்கிறவர்களின் முகம் தெரியாது, கால்கள் வரிசையாகத் தெரியும்.

கடைக்காரர் சுத்தமான நோன்பாளி. எச்சில் விழுங்கவே யோசிக்கிறவர். அவரே நாள் முழுக்க மற்றவர்களுக்குச் சாயா ஆற்றிக்கொண்டு நிற்பார். இனிப்பு பார்க்க அவரால் முடியாது. எனவே அந்த மாசத்துக்கு என் நாக்கை அவருக்குக் கொடுத்திருந்தேன்.

"எப்படிடா, மதுரம் போதுமா?"

"கொஞ்சம் கம்மி பாய்."

"ஒரு வாய் குடிச்சிட்டுச் சொல்லுன்னா முழு கிளாசும் குடிச்சிட்டுச் சொல்றியேடா!"

"அடியிலதான் பாய் சர்க்கரை தங்கும். அதையும் பாக்க வேண்டாமா?"

திரைக்குள்ளே சில மரியாதைகள் உண்டு. எல்லோரும் சுவரைப் பார்த்துத்தான் உட்கார வேண்டும். யார் பெயரையும் சொல்லிக் கூப்பிடக் கூடாது. சாயா வேண்டுமானால் விரலால் பெஞ்சைத் தட்ட வேண்டும். பக்கத்தில் யார் வந்து உட்கார்ந்தாலும் திரும்பிப் பார்க்கக் கூடாது. ஏனென்றால் அங்கே வருகிறவர்கள் எல்லோரும் என்னைப் போன்றவர்கள் இல்லை. மாத்திரை விழுங்குகிறவர் வருவார். தொண்டை வற்றிய பஸ் டிரைவர் வருவார். வீட்டில் நோன்பு, வெளியில் நோன்பில்லை என்கிற ஆளும் வருவார். உள்ளே கண்டதை வெளியே சொன்னவனுக்குப் பிறகு பஜாரில் எங்கேயும் சாயா கிடையாது. இதை யாரும் எழுதி மாட்டவில்லை, யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவும் இல்லை. எல்லோருக்கும் தெரியும். நானும் இதில் யார் பெயரையும் எழுதப் போவதில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, இருந்தாலும் திரை திரைதான்.

அப்போது நான் கைவண்டி தள்ளிக்கொண்டிருந்தேன். வண்டியை முன்னால் இழுக்கிறவன் என் கூட்டாளி. என்னைவிட நாலைந்து வயது மூத்தவன், முஸ்லிம். இக்கா என்றுதான் கூப்பிடுவேன், மரியாதை அந்தச் சொல்லோடு முடிந்துவிடும். அவன் என்னைப் பாண்டி என்பான். முன்னால் இழுக்கிறவனுக்கு வழி தெரிய வேண்டும், தோளில் பலம் வேண்டும். பின்னால் தள்ளுகிறவனுக்கு வாய் இருந்தால் போதும். அப்படித்தான் எங்கள் வேலையைப் பிரித்திருந்தோம். ஒரு தரம் இறக்கத்தில் நான் பேச்சு சுவாரசியத்தில் வண்டியை ஓங்கித் தள்ளிவிட, சக்கரம் அவன் இடது கால் பெருவிரலில் ஏறி, நகம் நடுவே பிளந்துவிட்டது. பிறகு அது சேரவே இல்லை. ஒரு விரலில் இரண்டு நகம் முளைத்த மாதிரி இருக்கும். "கடவுள் உனக்கு ஒண்ணு கூடக் கொடுத்திருக்கார்" என்று சொல்லி அடி வாங்கியிருக்கிறேன்.

அவனுடைய உம்மா அந்தத் தெருப் பெண்பிள்ளைகளுக்கெல்லாம் ஓதக் கற்றுக்கொடுக்கிறவர். கோபம் வந்தால் திட்ட மாட்டார், கை ஓங்க மாட்டார். பேச்சை நிறுத்திவிடுவார். அவன் சின்ன வயதில் ஒரு தரம் தொழுகைக்குப் போகாமலே, போய்வந்ததாகப் பொய் சொன்னபோது பேச்சை நிறுத்தினாராம். சோறு போடுவார், துணி துவைப்பார், தலைக்கு எண்ணெய்கூடத் தேய்த்துவிடுவார், வாய் மட்டும் திறக்காது. அதைச் சொல்லும்போது மீசை முளைத்த அந்த ஆளின் குரல் குழந்தைக் குரலாகிவிடும்.

அந்த வருஷம் நோன்பு நல்ல வெயிலில் வந்து மாட்டியது. பெருநாள் முடிந்ததும் அவன் தங்கைக்கு நிக்காஹ். கயிற்றுக் கடை வைத்திருந்த ஒரு பெரியவரின் மகன்தான் மாப்பிள்ளை.

ஒரு நாள், வழக்கமாக எங்களுக்கு லோடு தருகிற சேட்டின் குடோனிலிருந்து லாரி ஷெட்டுக்கு ஜாதிபத்திரி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு போனோம். உச்சி வேளை. வழக்கம் போல வண்டியை மழைமரத்து நிழலில் நிறுத்தினோம். வழக்கம் போல அவன் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு வண்டிக்கடியில் சாய்ந்தான், வழக்கம் போல நான் திரைக்குள் போனேன். பஜாருக்கே தெரிந்த வழக்கம் இது. பாண்டி தின்னப் போவான், இக்கா காவல் இருப்பான்.

சுவரைப் பார்த்துக்கொண்டு இரண்டாவது வடையைக் கடித்துக்கொண்டிருந்தேன். கடையின் பின்கதவு திறந்தது. தலையில் துண்டு போட்ட ஒரு ஆள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, விரலால் பெஞ்சைத் தட்டினான். நான் திரும்பவில்லை. மரியாதை தெரிந்தவன் நான். ஆனால் கண்ணைச் சுவரில் வைக்கச் சொன்னார்களே தவிர, தரையில் வைக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. கீழே பார்த்தேன். பிளந்த நகம்.

பாதி வடையைத் தட்டிலேயே வைத்தேன். சாயா வந்தது. இரண்டு கையாலும் கிளாசைப் பிடித்து ஒரே மூச்சில் பாதி குடித்தான். ஒரு பன்னை நனைத்துத் தின்றான். என் வாழ்க்கையில் நான் சும்மா இருந்த மிக நீளமான நேரம் அதுதான். அவன் பின்கதவு வழியாகப் போனான். சற்று இருந்துவிட்டு நான் முன்வாசல் வழியாக வெளியே வந்தேன். வண்டிக்கடியில் துண்டைப் போட்டுக்கொண்டு எப்போதும் போலச் சாய்ந்திருந்தான். நான் வண்டியைத் தட்டினேன், அவன் எழுந்தான், தள்ளிக்கொண்டு போனோம்.

லாரி ஷெட்டில் இறக்கி எண்ணியபோது ஒரு மூட்டை குறைந்தது.

சாயங்காலத்துக்குள் பஜாரே தீர்ப்பு எழுதிவிட்டது. பாண்டி திரைக்குள் போனதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். இக்கா நோன்பாளி, திரைக்குள் போகிற ஆள் இல்லை. ஆகவே மூட்டைகளோடு தனியாக இருந்தவன் அவன்தான். ஆகவே எடுத்தவனும் அவன்தான். அவன் நல்லவன் என்று பெயர் எடுத்ததே அவனுக்கு எதிர்சாட்சி ஆயிற்று. தங்கைக் கல்யாணத்துக்காகச் செய்திருப்பான் என்று காரணமும் கண்டுபிடித்துக் கொடுத்தார்கள். கயிற்றுக் கடைப் பெரியவர் நல்லதும் சொல்லவில்லை, கெட்டதும் சொல்லவில்லை. "சேட் எந்து பறயுந்நுன்னு பார்க்காம்" என்று மட்டும் சொல்லி அனுப்பினார். சேட் என்ன சொல்வாரோ அதை வைத்துத்தான் கல்யாணம் என்று அர்த்தம்.

அன்று படகுத்துறையில் அவன் என் சட்டையைப் பிடித்தான்.

"நீ மிண்டக்கூடாது."

வாயைத் திறக்கக் கூடாதாம். என்னிடம் போய்.

"இக்கா, நான் ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சிடும். நீ எம் பக்கத்துல உக்காந்திருந்தே, வண்டி தனியா நின்னுச்சு, எவனோ தூக்கிட்டான். தீந்துச்சு."

"சொன்னா பின்னெ நீ யாரோ நான் யாரோ."

"கள்ளன்னு சொல்றாங்களே, அது பரவால்லையா?"

"கள்ளன்னு கேட்டா உம்மா கரையும்."

கரைவது என்றால் எங்கள் ஊரில் அழுவது. அவனே தொடர்ந்தான்.

"கரையட்டும். நான் காலைப் பிடிச்சு, இல்ல உம்மா, நான் எடுக்கலன்னு சொன்னா நம்பும். ஏன்னா நான் எடுக்கல. ஆனா இது அறிஞ்சா உம்மா கரையாது. மிண்டாது. அப்போ நான் எந்து சொல்லும்? குடிச்சேனே."

"ஏன் குடிச்சே?"

"கண்ணு இருட்டிப் போச்சுடா. எறக்கத்துல வண்டி எம் மேல ஏறும்னு தோணிச்சு. ஒரு கிளாஸ். அவ்வளவுதான்."

"பன்னையும் சேத்துக்கோ."

அவன் சிரிக்கவில்லை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

ஒரு தட்டில் திருடன் என்கிற பெயர், தங்கையின் கல்யாணம், வண்டிப் பிழைப்பு. இன்னொரு தட்டில் ஒரு கிளாஸ் சாயா. அவனுக்குச் சாயாத் தட்டுதான் கீழே இறங்கியது. எனக்கு அன்று அது பைத்தியக்காரத்தனமாகத்தான் பட்டது. மதம் ஒரு மனுஷனுக்குள் எங்கே போய் உட்காருகிறது என்று அதற்கு முன்னால் நான் யோசித்ததில்லை. பள்ளிவாசலில், கோயிலில் உட்கார்ந்திருக்கும் என்று நினைத்திருந்தேன். அவனுக்கு அது அம்மாவின் வாயில் உட்கார்ந்திருந்தது.

மறுநாள் சேட்டின் குடோன் முற்றத்தில் கூடினோம். சேட் பலகையில் உட்கார்ந்து புறாக்களுக்குத் தானியம் எறிந்துகொண்டிருந்தார். யூனியன் கன்வீனர் நின்றுகொண்டிருந்தார்; பிறப்பால் கிறிஸ்தவர், கட்சிக்காரர், சாமி இல்லை என்கிறவர். கயிற்றுக் கடைப் பெரியவர் ஒரு மூட்டை மேல் உட்கார்ந்திருந்தார். என் கூட்டாளி சுவரோரம். சுற்றிலும் சும்மா நிற்பதற்கென்றே பிறந்த ஒரு கூட்டமும், பஜாரில் திரிகிற நாலைந்து ஆடுகளும்.

கன்வீனர் என்னைக் கேட்டார்.

"உச்சைக்கு நீ வண்டிகிட்ட இல்ல. அப்போ நீ ஒண்ணும் கண்டில்ல. ஷெரியல்லே?"

"கண்டேன் சகாவே."

கூட்டம் சிரித்தது. நியாயம்தான். அதற்கு முந்தின மாசம்தான் படகுத்துறையில் திமிங்கிலம் ஒதுங்கியிருக்கிறது என்று சொல்லி அவரையே குடையோடு அனுப்பி வைத்திருந்தேன்.

"எந்து கண்டே? வேற திமிங்கிலமா?"

"சத்தியமாச் சொல்றேன், மாரியம்மன் மேல..."

"திமிங்கிலமும் மாரியம்மன் மேலதான்டா!"

சேட் கையைத் தட்டித் தானியத்தை உதறினார். "அரே, அவன் சாமி மேல வேண்டாம். வேற சாமி மேல வெக்கட்டும்."

இதுவும் எங்கள் பஜாரின் சட்டம்தான். சொந்தச் சாமி மேல் செய்யும் சத்தியத்துக்கு இங்கே மதிப்பில்லை. சொந்தச் சாமி தாய் மாதிரி, மன்னித்துவிடும் என்கிற தைரியத்தில் எவனும் எதுவும் சொல்வான். பக்கத்து வீட்டுச் சாமிக்கு நம்மை மன்னிக்க என்ன அவசியம்? அதனால் முஸ்லிம் கோயில் வாசலில் நிற்பான், இந்து தர்காவில் நிற்பான். சத்தியம் செய்வது இந்த ஊரின் பழைய தொழில். ரொம்பக் காலத்துக்கு முன்னால் ஒரு சிலுவையைத் தொட்டுச் சத்தியம் செய்ய ஊரே திரண்டதாம். எல்லோருக்கும் கை எட்டாமல், சிலுவையில் கயிறுகளைக் கட்டி, கயிற்றைப் பிடித்துக்கொண்டு செய்தார்களாம். இழுத்த இழுப்பில் சிலுவையே சாய்ந்துவிட்டதாம். அப்படிப்பட்ட ஊரில் நான் பொய் சொல்லிப் பிழைத்தேன் என்றால் என் திறமையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தெரு முனையில் ஒரு சின்னக் குருசடி உண்டு. கல் மேடை, மேலே சிலுவை, சுற்றிலும் மெழுகு வழிந்த கறை. அங்கே போனோம்.

"நான் விசுவாசி அல்ல" என்றார் கன்வீனர். "பக்ஷே மெழுகுவத்தி நானே வாங்கறேன்."

கல் நெருப்பாகச் சுட்டது. செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்று கொக்கு மாதிரி ஆடிக்கொண்டே சிலுவையில் கை வைத்தேன். கூட்டத்தில் அவன் முகம் தெரிந்தது. சொல்லிவிடாதே என்று கெஞ்சுகிற முகம். பொய் சொல்லலாம் என்றால், இந்தச் சாமிக்கும் எனக்கும் அதுதான் முதல் பழக்கம். முதல் நாளே எப்படி? உண்மையைச் சொல்லலாம் என்றால், உம்மா. எனக்கு வாய் உண்டு என்று எப்போதும் சொல்லிக்கொள்கிறேனே, அந்த வாய் அன்றைக்கு உள்ளங்கால் வரை வறண்டது.

கடைசியில் இப்படிச் சொன்னேன்:

"மூட்டை போன நேரத்துல இவன் என் கண்ணு முன்னால இருந்தான். கை எட்டுற தூரத்துல. மூட்டை மேல இவன் கை படல. வண்டி தனியா நின்னுச்சு. அந்தக் குத்தம் எங்க ரெண்டு பேருக்கும் உண்டு."

கன்வீனர் வாயைத் திறந்தார்.

"அப்போ நிங்கள் ரெண்டு பேரும் எவிடெ..."

எங்கே இருந்தீர்கள் என்றுதான் அடுத்த கேள்வி. வேறு என்ன கேள்வி இருக்கிறது? நோன்பு மாசத்தில் உச்சி வேளைக்கு நான் எங்கே இருப்பேன் என்று பஜாரில் எல்லோருக்கும் தெரியும். அவன் என் கை எட்டும் தூரத்தில் இருந்தான் என்று இப்போதுதான் சொன்னேன். இரண்டையும் கூட்டிப் பார்க்க மூளை வேண்டாம், அங்கே நின்ற ஆடு கூட்டிவிடும்.

கன்வீனர் வாயை மூடிக்கொண்டார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். கூட்டத்தில் யாரோ இருமினார். ஒருவர் ஆகாயத்தைப் பார்த்தார், ஒருவர் ஆட்டைப் பார்த்தார். எல்லோரும் வெயிலில் நின்றுகொண்டே சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்ட மாதிரி இருந்தது. யாரும் கூட்டிப் பார்க்கவில்லை. இல்லை, எல்லோரும் கூட்டினார்கள், விடையை யாரும் சொல்லவில்லை.

கயிற்றுக் கடைப் பெரியவர் மட்டும் என் கூட்டாளியின் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். இடது காலை. ரொம்ப நேரம். அன்றைய உச்சி வேளையில் அவர் அந்தச் சாயக்கடை வழியாக நடந்து போனாரா, திரைக்குக் கீழே எதையாவது பார்த்தாரா, எனக்குத் தெரியாது. நான் கேட்டதும் இல்லை. பிறகு அவர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டார்.

"என்னா சூடு. நிழலுக்குப் போவாம்."

இரண்டு எட்டு நடந்தவர் என்னிடம் திரும்பினார். "பெருநாள் கழிஞ்சு வர்ற ஞாயிறு நிக்காஹ். நீயும் வரணும் கேட்டோ. திமிங்கிலத்தெ கொண்டுவரண்டா."

சேட், வண்டியைத் தனியாக விட்டதற்காக எங்கள் இருவருக்கும் ஒரு வாரம் லோடு இல்லை என்றார். அதோடு முடிந்தது. பத்துப் பதினைந்து நாள் கழித்து, காணாமல் போன மூட்டை கோயம்புத்தூர் வரை போய்விட்டுத் தானாகத் திரும்பி வந்தது. லாரி ஷெட்டிலேயே தவறுதலாக வேறு லாரியில் ஏற்றிவிட்டார்களாம். கள்ளன் என்று சொன்ன வாய்களில் ஒன்றுகூட மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் எவிடெ என்று கேட்காமல் இருந்தார்களே, அதை வைத்துக் கணக்கை நேராக்கிக்கொண்டேன்.

அவன் என்னோடு சண்டைதான் போட்டான்.

"கண்ணு முன்னாலன்னு சொன்னா போதாதா? கை எட்டுற தூரம்னு எந்தினாடா சொன்னே?"

"சத்தியம்னா அளவு சரியா இருக்கணும் இக்கா."

"நின்றெ ஒரு அளவு! அந்த ஆள் எங்காலைப் பாத்த பார்வையில எனிக்கு மூணாவது நகம் முளைச்சிருக்கும்."

இப்போது அந்தக் குடோன் காப்பிக் கடை ஆகிவிட்டது. நான் அதன் வாசலில் வாட்ச்மேன். மூட்டை அடுக்கிய இடத்தில் வெள்ளைக்காரர்களும் எர்ணாகுளத்துப் பிள்ளைகளும் உட்கார்ந்து, நாங்கள் கீழே கொட்டுகிற நிறத்தில் எதையோ உறிஞ்சுகிறார்கள். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. யார் தின்கிறார்கள், யாரோடு தின்கிறார்கள், எவ்வளவு மிச்சம் வைக்கிறார்கள், எல்லாம் தெருவுக்குத் தெரியும். தெரியாமல் போனால் அவர்களே போட்டோ எடுத்துக் காட்டிவிடுகிறார்கள். கெட்டவர்கள் என்று சொல்லவில்லை, நல்ல பிள்ளைகள். அவர்களுக்கு ஒளிக்க ஒன்றுமில்லை போலிருக்கிறது. அல்லது ஒளித்துக்கொடுக்க ஆள் இல்லை. அந்தச் சத்தியம் இன்றைக்கு நடந்திருந்தால் யாராவது போனில் பிடித்திருப்பான், துபாயிலிருந்துகூட எவிடெ, எவிடெ என்று கேட்டிருப்பார்கள். நோன்பு மாசத்தில் திரை போடுகிற கடை இப்போதும் ஒன்றிரண்டு இருக்கிறது. அந்தப் பக்கம் போனால் என்னையறியாமல் தரையைப் பார்த்துத்தான் நடக்கிறேன். பிறகு பார்க்கக் கூடாது என்று நினைவு வந்து, தலையைத் தூக்கி, கம்பத்தில் முட்டிக்கொள்கிறேன்.

நிக்காஹுக்குப் போனேன். இஸ்திரி போட்ட சட்டை, இரவல். முதல் பந்தியில் உட்கார்ந்தேன், இரண்டாவது பந்தியிலும் தவறுதலாக உட்கார்ந்துவிட்டேன். அப்போது அடுக்களைப் பக்கத்து வராந்தாவிலிருந்து உம்மா கூப்பிடுவதாகச் சொன்னார்கள். தட்டோடு போனேன். வெள்ளைத் துணியைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு உம்மா நாற்காலியில் இருந்தார். என் தட்டைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் பெரிய துண்டு இறைச்சி ஒன்றை எடுத்து வைத்தார்.

"மோனே, என் மகனுக்கு வேண்டி நீ குரிசைத் தொட்டு சத்தியம் செஞ்சே. படச்சவன் நினக்கு நல்லது தரட்டே."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல உம்மா. கல்லு சூடுதான் கொஞ்சம் ஜாஸ்தி."

உம்மா சிரித்தார். அவன் தண்ணீர்க் கூஜாவோடு வாசற்படியில் வந்து நின்றான். உம்மா இன்னொரு துண்டு வைத்தார். பிறகு, சாதாரணமாக, குழம்பு போதுமா என்று கேட்கிற குரலில் கேட்டார்.

"அந்த உச்சைக்கு நீ எவிடெயாயிருந்நு மோனே?"

ஊர் முழுக்கக் கேட்காமல் விட்ட கேள்வி. பஜாருக்கு வந்தறியாத பெண்பிள்ளை, பஜார் மரியாதை தெரியாமல் கேட்கிறாரா, எல்லாம் தெரிந்து கேட்கிறாரா? முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் பிடி கிடைக்கவில்லை. நான் எங்கே இருந்தேன் என்று சொல்வதில் எனக்கு ஒரு பாவமும் இல்லை. ஆனால் நான் இருந்த இடம்தான் அவன் இருந்த இடம். அவன் கையில் கூஜா அசையாமல் நின்றது. உம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் இறைச்சியை மெல்லாமல் விழுங்கிவிட்டு, "உம்மா, நான் அன்னைக்கு" என்று ஆரம்பித்து

"எடா பாண்டி!"

வந்துவிட்டான். இன்றைக்கு, நான் இதை எழுதிக்கொண்டிருக்கிற வீட்டு வேலிக்கு அந்தப் பக்கம், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு.

"எத்தர நேரமா விளிக்குந்நு! உம்மாவெ வெயில்ல கொண்டுபோய் இருத்தணும். பேரன் காலேஜ் போயி. எனிக்கு ஒத்தைக்குத் தூக்க முடியல."

"ஒரே ஒரு வரி இக்கா. இப்ப வந்துட்டேன்."

"நின்றெ வரி! வெயில் போனா உம்மா பின்னெ என்னெ ஏசும். நின்னையும் ஏசும். கேக்குந்நில்லே, அவிடெ கெடந்து சத்தம் போடுறது?"

கேட்கிறது. தெருமுனை வரை கேட்கிறது.

"வர்றேன், வர்றேன். நீ தலைப்பக்கம் பிடி. நான் கால்பக்கம்."